மலைச்சாலை, கடற்கரைச் சாலை: காரில் கிளம்பும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆல்ப்ஸ் மலை வளைவுகளையும் ஆஸ்திரேலியக் கடற்கரையையும் யூடியூபில் பார்த்துவிட்டு, "நாமும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்கிறவர்களுக்காக எழுதியது இது. உலகின் தலைசிறந்த பத்து சாலைகள் என்ற பட்டியல் இங்கே கிடையாது. எந்தச் சாலை என்பதைவிட எந்த மாதம், எந்தத் திசை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பவைதான் பயணத்தைத் தீர்மானிக்கின்றன என்பது என் கட்சி. பதில்களும் அந்தச் சாய்வோடுதான் இருக்கும்.

முதல்முறையாக வெளிநாட்டில் கார் ஓட்டப் போகிறேன். எங்கே தொடங்குவது நல்லது?

நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாட்டில். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து எல்லாம் இந்த வகை. பழகாத சாலை, பழகாத கார், தெரியாத விதிகள் மூன்றும் ஒரே நாளில் வந்து சேரும்போது, எந்தப் பக்கம் ஓட்டுவது என்ற கவலையாவது இல்லாமல் இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள கிரேட் ஓஷன் ரோடு. மெல்பர்னிலிருந்து சுமார் 100 கி.மீ. தள்ளி டார்க்கீயில் தொடங்கி, வார்னம்பூல் பக்கத்தில் ஆலன்ஸ்ஃபோர்டில் முடிகிறது. நீளம் ஏறக்குறைய 240 கி.மீ. முதல் உலகப் போரிலிருந்து ஊர் திரும்பிய சுமார் 3,000 படைவீரர்கள் 1919 முதல் 1932 வரை கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து இவற்றை வைத்துக்கொண்டு மலைச்சரிவைக் குடைந்து போட்ட சாலை இது. போரில் இறந்த தங்கள் தோழர்களின் நினைவாக அர்ப்பணித்தார்கள். ஈஸ்டர்ன் வியூ என்ற இடத்தில் சாலைக்குக் குறுக்கே ஒரு நினைவு வளைவு நிற்கிறது. எல்லோரும் அங்கே இறங்கிப் படம் எடுக்கிறார்கள், எதற்காகக் கட்டியது என்று படிப்பவர்கள் குறைவு. ஆரம்பத்தில் டோல் வாங்கினார்கள். 1936-இல் மாநில அரசு சாலையை ஏற்றுக்கொண்டதோடு அது ஒழிந்தது.

இந்தச் சாலையின் நட்சத்திரம் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்' எனப்படும் சுண்ணாம்புப் பாறைத் தூண்கள். பெயரில்தான் பன்னிரண்டு. 2005 ஜூலையில் ஒன்று சரிந்து விழுந்தபின் எட்டுதான் மிச்சம். அதற்கும் மேற்கே 'லண்டன் பிரிட்ஜ்' என்று இரட்டை வளைவாக நின்ற பாறையில், கரையோடு சேர்ந்திருந்த வளைவு 1990 ஜனவரியில் இடிந்தது. கடல் பக்கம் மாட்டிக்கொண்ட இருவரை ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் போனது. வேலியைத் தாண்டிப் போய் செல்ஃபி எடுக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்த இரண்டு சம்பவங்களையும் சொல்லி வையுங்கள்.

மெல்பர்னில் காலையில் கிளம்பி இரவே திரும்பிவிடும் ஒருநாள் சுற்றுலாக்கள் நிறைய உண்டு. என்னைக் கேட்டால் அது பாவம். அப்போலோ பேயிலோ போர்ட் கேம்பெலிலோ ஓர் இரவு தங்கினால், சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிப் போன பிறகு மாலை வெயிலில் அந்தப் பாறைகளைப் பார்க்கலாம்.

மலைச்சாலையில் முதலில் எது? நேராக இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய்க்கே போகலாமா?

போகலாம். ஆனால் நான் முதலில் அனுப்புவது ஆஸ்திரியாவின் குரோஸ்குளோக்னர் சாலைக்கு. காரணம், அது காரில் வந்து மலையைப் பார்ப்பதற்கென்றே போட்ட சாலை. உலகம் முழுக்கப் பொருளாதாரம் சரிந்து வேலையின்மை தலைவிரித்தாடிய 1930-இல் வேலை தொடங்கி, 1935 ஆகஸ்ட் 3 அன்று திறந்தார்கள். பொறியாளர் ஃபிரான்ஸ் வாலக். 48 கி.மீ. நீளம், 36 கொண்டை ஊசி வளைவுகள். கணவாய் 2,504 மீட்டர் உயரத்தில். அதிலிருந்து பிரியும் சின்னக் கிளைச்சாலையில் ஏறினால் 2,571 மீட்டர் உயர எடெல்வைஸ் முனை. இன்னொரு கிளை, ஆஸ்திரியாவின் மிக உயரமான குரோஸ்குளோக்னர் சிகரத்துக்கும் (3,798 மீட்டர்) அதன் அடியில் ஆண்டுதோறும் சுருங்கிவரும் பாஸ்டர்ட்ஸே பனியாற்றுக்கும் எதிரே கொண்டுபோய் நிறுத்தும். வளைவுகள் தாராளமானவை, வண்டி நிறுத்த இடம் ஏராளம்.

கட்டணம் அதிகம்தான். ஒரு காருக்கு ஒரு நாளைக்கு 40 யூரோவைத் தாண்டும். கொடுத்ததற்கு நாள் முழுக்க மேலேயே இருங்கள். காலை சீக்கிரம் ஏறினால் மேகம் கூடுவதற்கு முன் சிகரம் தெரியும். இன்னொரு சுவையான சங்கதி: வாலக்கே வடிவமைத்து 1953-இல் செய்த பனி அகற்றும் இயந்திரங்கள் இன்றும் ஒவ்வொரு வசந்தத்திலும் இந்தச் சாலையைத் திறந்து விடுகின்றன.

இத்தாலியின் ஸ்டெல்வியோ வேறு சாதி. 2,757 மீட்டர். 1820-க்கும் 1825-க்கும் இடையே, அன்று தன் வசம் இருந்த லொம்பார்டிப் பகுதியைத் தன் தலைநகர் வியன்னாவோடு இணைக்க ஆஸ்திரியப் பேரரசு போட்ட குதிரைவண்டிச் சாலை; பொறியாளர் கார்லோ தொனேகானி. குதிரை இழுக்கக்கூடிய ஏற்றமாக இருக்கவேண்டும் என்பதால்தான் வடக்குப் பக்கத்தில் மட்டும் 48 வளைவுகள். அகலமும் அந்தக் காலத்து அகலம். எதிரே பேருந்து வந்தால் யாராவது ஒருவர் நின்றே ஆகவேண்டும். கோடை ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்குகள், சைக்கிள்கள், கேம்பர் வேன்கள் எல்லாம் சேர்ந்து திருவிழாக் கூட்டம். வார நாளில், காலை எட்டு மணிக்குள் ஏறுகிற மாதிரி இருந்தால் போங்கள். இல்லையென்றால் 48 வளைவும் யாரோ ஒருவருடைய வேனின் முதுகைப் பார்த்தபடியே கழியும்.

கொல்லிமலையில் ஓட்டியிருக்கிறேன். ஆல்ப்ஸ் எல்லாம் அவ்வளவு பெரிய விஷயமா?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ வால்பாறையின் 40 வளைவுகளையோ ஒழுங்காக ஏறி இறங்கியவருக்கு வளைவுகளின் எண்ணிக்கை பயம் தராது. அந்தத் தைரியம் நியாயமானதே. தடுமாற வைப்பது வேறு சில விஷயங்கள்.

முதலாவது, பக்கம். ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் அமெரிக்காவிலும் வலப்பக்கம் ஓட்டவேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம். எந்த நாடானாலும் ஓட்டுநர் சாலையின் நடுக்கோட்டை ஒட்டியே உட்கார்ந்திருப்பார். இந்த ஒன்றை மனத்தில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் தவறுவதில்லை. பெட்ரோல் பங்கிலிருந்தோ காட்சிமுனை பார்க்கிங்கிலிருந்தோ வெளியே வரும்போது, சாலை காலியாக இருந்தால், கை தானாகப் பழைய பக்கத்துக்குத் திருப்பிவிடும். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் "வலது, வலது" என்று சொல்லட்டும், வெட்கமே வேண்டாம். கியர் வலக்கைக்கு மாறிவிடும் என்பதால் ஆட்டோமேட்டிக் காராகவே கேளுங்கள். ஐரோப்பாவில் மேனுவல் கார்தான் மலிவாகக் கிடைக்கும். அந்த வித்தியாசத்தைக் கொடுத்துவிடுவது நல்லது.

இரண்டாவது, ஹாரன். நம் மலைகளில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பது மரியாதை. அங்கே அது எரிச்சல். எதிரே வருவது தெரியாத குறுகிய வளைவில் மட்டும் ஒரு சின்னத் தட்டு போதும். சுவிட்சர்லாந்தில் இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது: மலையேறும் மஞ்சள் தபால் பேருந்துகள் மூன்று சுரங்களில் ஹாரன் ஒலித்துக்கொண்டு வரும். தபால் கொம்புச் சின்னம் போட்ட சாலைகளில் அந்தப் பேருந்துக்குத்தான் முன்னுரிமை. அதன் ஓட்டுநர் பின்னால் எடுக்கச் சொன்னால் எடுக்கவேண்டும்.

மூன்றாவது, சைக்கிள்காரர்கள். ஐரோப்பியக் கணவாய்களில் காருக்குச் சமமாக அவர்களும் இருப்பார்கள். ஒன்றரை மீட்டர் இடைவெளி விட முடியாத இடத்தில் முந்தக் கூடாது. ஏறும்போது மெதுவாகப் போகிற அவர்களே இறங்கும்போது உங்களை முந்திப் போவார்கள், திகைக்க வேண்டாம்.

குறுகிய இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடவேண்டும் என்பது மட்டும் நம் ஊர், அந்த ஊர் இரண்டுக்கும் பொது.

இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகும் என்கிறார்களே?

போகும். தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். இன்னும் சூடேறினால் பிரேக் திரவம் கொதித்து, மிதி தரையைத் தொடும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டிச் சாலையின் 36 வளைவுகளில் நடந்த விபத்துகளில் இந்தக் கதை திரும்பத் திரும்ப வரும். வெளியூர் வண்டிகள் அதில் இறங்கக் கட்டுப்பாடு வந்ததும் அதனால்தான்.

ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்பட்டதோ, இறங்கவும் அதே கியர். ஆட்டோமேட்டிக் காரில் 'எல்' அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றி இரண்டாவது கியரில் வையுங்கள். இன்ஜின் இரையும், இரையட்டும். பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்தி மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விடுங்கள். கருகும் வாடை வந்தால் ஒதுங்கி நின்று அரைமணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அமெரிக்காவின் கொலராடோவில் 4,302 மீட்டர் உயர பைக்ஸ் பீக் சிகரத்துக்குப் போகும் சாலையில், இறங்கும் கார்களை வழியில் நிறுத்தி, பிரேக் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று கருவி வைத்துப் பார்ப்பார்கள். அதிகமாக இருந்தால் ஆறும் வரை விடமாட்டார்கள். நம் மலையடிவாரச் செக்போஸ்ட்டுகளிலும் இது வந்தால் தேவலை.

எந்தத் திசையில் ஓட்டினால் காட்சி நன்றாக இருக்கும்?

நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான், ஆனால் திட்டமிடும்போது பெரும்பாலோர் யோசிக்காததும் இதுவே. கடல் உங்கள் தடத்தின் பக்கம் இருக்கவேண்டும். அப்போதுதான் எதிர்த்தடத்து வண்டிகள் மறைக்காது. காட்சிமுனைகளில் எதிர்வண்டியைக் குறுக்கே கடக்காமல் நேராக ஒதுங்கி நிற்கலாம்.

இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் கடல் இடப்புறம் வரவேண்டும். சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் புதுச்சேரி போகும்போது வருகிற மாதிரி. கிரேட் ஓஷன் ரோடில் அது கிழக்கிலிருந்து மேற்கு. கேப் டவுனில் சாப்மன்ஸ் பீக் சாலையை நூர்ட்ஹூக்கிலிருந்து ஹவுட் பே நோக்கி, அதாவது வடக்கு நோக்கி ஓட்டவேண்டும். 9 கி.மீ.யில் 114 வளைவுகள் கொண்ட அந்தச் சாலை 1922-இல் முடிந்தது. பாறைகள் விழுந்ததால் 2000-இல் மூடி, வலைகளும் ஒருபக்கம் திறந்த சுரங்கப்பாதையும் அமைத்து 2003 இறுதியில் டோல் சாலையாகத் திறந்தார்கள்.

வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் எல்லாம் தலைகீழ். கலிஃபோர்னியாவின் நெடுஞ்சாலை 1-இல் வடக்கிலிருந்து தெற்கு. இத்தாலியின் அமால்ஃபியில் மேற்கிலிருந்து கிழக்கு. ஒரு நிலப்பரப்பைச் சுற்றிவரும் சாலையென்றால் கணக்கு இன்னும் எளிது: இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் கடிகாரம் சுற்றும் திசை, வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் அதற்கு எதிர்த்திசை. ஸ்காட்லாந்தின் நார்த் கோஸ்ட் 500 வழித்தடத்துக்கு முன்னது, ஐஸ்லாந்தின் வட்டச்சாலைக்குப் பின்னது.

அயர்லாந்தின் ரிங் ஆஃப் கெர்ரியில் மட்டும் ஒரு சிக்கல். 179 கி.மீ. வட்டம் அது. சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போவது அங்கே வழக்கம். நீங்கள் கடிகாரத் திசையில் போனால் கடல் உங்கள் பக்கம், ஆனால் குறுகிய வளைவில் பேருந்து எதிரே வரும். எதிர்த்திசையில் போனால் பேருந்துக்குப் பின்னால் ஊரவேண்டும். நான் கடிகாரத் திசைதான் சொல்வேன், விடிகாலையிலேயே கிளம்புவதானால்.

உயரம் என்றாலே தலை சுற்றுகிறவர் காரில் இருந்தால் மேலே சொன்ன அத்தனையையும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். மலையை ஒட்டிய தடத்தில் போனால் பள்ளம் தெரியாது.

எந்த மாதம் போகலாம்?

ஆல்ப்ஸ் கணவாய்களுக்கு ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய. குரோஸ்குளோக்னர் மே மாதத் தொடக்கத்தில் திறந்து நவம்பர் தொடக்கம் வரை இருக்கும், ஸ்டெல்வியோ அதைவிடத் தாமதமாகவே திறக்கும். ருமேனியாவின் டிரான்ஸ்ஃபாகரசான் மலைச்சாலை ஜூலை முதல் அக்டோபர் வரைதான். என் தேர்வு செப்டம்பர் முதல் பாதி. பள்ளி விடுமுறை முடிந்து கூட்டம் குறையும், சாலை இன்னும் திறந்திருக்கும்.

நம் பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே மாதங்கள்தான் ஐரோப்பிய உயர்கணவாய்களுக்கு ஆகாத காலம். டிக்கெட் எடுத்த பிறகு இதைத் தெரிந்துகொள்ளும் குடும்பங்கள் நிறைய. அந்த மாதங்களில்தான் முடியும் என்றால் கடற்கரைச் சாலைகளைப் பாருங்கள். தென்கோளத்தில் அது இலையுதிர் காலம். கிரேட் ஓஷன் ரோடும் கேப் டவுனும் ஏப்ரலில் இதமாக இருக்கும்.

கனடாவின் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும் என்றாலும், நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் கட்டாயம். லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை 230 கி.மீ.யில் பெட்ரோல் கிடைப்பது சஸ்காச்சுவன் கிராசிங் என்ற ஒரே இடத்தில், குளிர்காலத்தில் அதுவும் மூடிவிடும். செல்போன் சிக்னலும் பெரும்பகுதியில் இல்லை.

பார்க்கப் போகிற சாலை மூடியிருந்தால்?

மூடியிருக்கலாம் என்று எண்ணியே கிளம்புங்கள். அழகான சாலைகள் அழகாக இருப்பது செங்குத்தான மலைச்சரிவில் ஓடுவதால். அதே காரணத்தால்தான் சரிந்தும் விழுகின்றன. கலிஃபோர்னியாவில் 1937-இல் திறந்த பிக் சர் கடற்கரைச் சாலை இதற்குச் சரியான உதாரணம். 2017 மே மாதம் மட் கிரீக் என்ற இடத்தில் மலையே இறங்கிக் கடலுக்குள் போனது. சாலையை மறுபடி போட்டுத் திறக்க 2018 ஜூலை ஆயிற்று. 2021, 2023, 2024 என்று அதன் பிறகும் சரிவுகள். நடுவில் மலையைத் தாண்டி உள்நாட்டுப் பக்கம் போக நாசிமியெண்டோ ஃபெர்கூசன் சாலை ஒன்றுதான் உண்டு. அதுவும் குறுகல், அதுவும் அடிக்கடி மூடும். எனவே மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே அறை பதிவு செய்யுங்கள். சாலை நடுவில் அறுந்திருந்தாலும் வடக்கிலிருந்து பிக்ஸ்பி பாலம் வரை போய்த் திரும்புவது பெரும்பாலும் முடியும். 1932-இல் கட்டிய அந்த ஒற்றை வளைவுப் பாலத்துக்காகவே போகலாம்.

நார்வேயின் டிரோல்ஸ்டீகனும் இப்படித்தான். 1936-இல் திறந்த 11 வளைவுகள், பக்கத்தில் இடிபோல விழும் ஸ்டீக்ஃபாசன் அருவி. 2024 ஜூனில் பாறை ஒன்று காரின் மேல் விழுந்ததும் மூடினார்கள். அதை மட்டும் நம்பி நார்வேக்குப் போனவர்களுக்கு ஏமாற்றம். அதே பகுதியில் அட்லாண்டிக் சாலையையும் சேர்த்துத் திட்டமிட்டவர்களுக்குப் பரவாயில்லை. தீவிலிருந்து தீவுக்கு எட்டுப் பாலங்களால் தாவிப் போகும் அந்த 8.3 கி.மீ. சாலை 1989-இல் திறந்தது. பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்காக மட்டும் மெனக்கெட வேண்டாம்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வைத்துக்கொள்ளலாம்?

மலையில் 150, கடற்கரையில் 200. அதற்கு மேல் போட்டால் நீங்கள் பார்ப்பது சாலையை மட்டும்தான். கூகுள் மேப் காட்டும் நேரம் நிற்காமல் ஓட்டுவதற்கான நேரம். மலைச்சாலையில் அதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருந்தால் இரண்டு மடங்கு.

ஐஸ்லாந்தின் வட்டச்சாலை சுமார் 1,320 கி.மீ. அதை ஐந்து நாளில் முடித்தேன் என்று பெருமையடிப்பவர்கள் உண்டு. எட்டு நாளுக்குக் குறைவாக இருந்தால் வட்டத்தை விட்டுவிட்டு, தென்கரையில் மட்டும் போய்த் திரும்புங்கள் என்பேன்.

நம் ஊர் லைசென்ஸ் செல்லுமா?

நாட்டுக்கு நாடு மாறும். ஆங்கிலத்தில் அச்சிட்ட நம் லைசென்ஸை வைத்துக்கொண்டு சுற்றுலாப் பயணியாக பிரிட்டனில் ஓட்டலாம். இத்தாலி, ஆஸ்திரியா போன்ற நாடுகளில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் சேர்த்து வேண்டும். வாடகைக் கார் நிறுவனம் கேட்காமல் விட்டாலும், விபத்து நடந்தால் போலீசும் இன்சூரன்ஸும் கேட்பார்கள். இந்தியாவில் அதை ஆர்.டி.ஓ. அலுவலகம் கொடுக்கிறது, பரிவாஹன் தளத்திலும் விண்ணப்பிக்கலாம். ஓராண்டு செல்லும். இலங்கையில் இருப்பவர்களுக்கு ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன் வழங்குகிறது. இது அசல் லைசென்ஸுக்குத் துணைதான், மாற்று அல்ல. இரண்டையும் கையில் வையுங்கள். சீனா இந்த அனுமதியை ஏற்பதில்லை.

கார் எடுக்கும்போது, ஓட்டுநரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்கவேண்டும். மனைவி பெயரில் கார்டு, கணவர் பெயரில் பதிவு என்று போய் கவுன்டரில் நிற்பது அடிக்கடி நடக்கிறது.

இன்சூரன்ஸில் எதைக் கவனிக்க வேண்டும்?

அடிப்படை இன்சூரன்ஸ் பெரும்பாலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் இவற்றைச் சேர்க்காது. மலைச்சாலையில் அடிபடுவதோ இந்த மூன்றும்தான். சேர்த்துக்கொள்ள கூடுதலாகக் கேட்பார்கள், கொடுத்துவிடலாம்.

ஐஸ்லாந்தில் இன்னும் சில உண்டு. அங்கே வீசும் காற்று, திறந்த கார்க் கதவைப் பின்பக்கமாக மடக்கிவிடும். அந்தச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் வராது. காற்றை எதிர்நோக்கி வண்டியை நிறுத்துங்கள், கதவைக் கையில் பிடித்தபடி திறவுங்கள். மணலும் எரிமலைச் சாம்பலும் பெயின்ட்டை உரிப்பதற்கென்று தனி இன்சூரன்ஸ் விற்கிறார்கள். 'எஃப்' என்று தொடங்கும், தீவின் உட்பகுதிச் சாலைகளில் நான்கு சக்கர இழுவை வண்டி கட்டாயம். அந்த வண்டி இருந்தாலும் ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் இன்ஜினுக்குள் போனால் முழுச் செலவும் உங்களுடையது. சாலையை விட்டு இறங்கி நிலத்தில் ஓட்டுவது அங்கே சட்டவிரோதம். பாசி படர்ந்த அந்த மண்ணில் பதிந்த சக்கரத்தடம் பல ஆண்டுகள் மறையாது.

ஸ்காட்லாந்தில் ஒற்றைத் தடச் சாலையாமே, எதிரே வண்டி வந்தால்?

நூறு இருநூறு மீட்டருக்கு ஒரு ஒதுங்குமிடம் இருக்கும். உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதில் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே உங்கள் தடத்திலேயே நில்லுங்கள், எதிரே வருபவர் ஒதுங்கிக்கொள்வார். குறுக்கே போகாதீர்கள். பின்னால் உள்ளூர்க்காரர் அவசரமாக வந்தாலும் ஒதுங்கி வழிவிடுங்கள். கடக்கும்போது கையை உயர்த்தி நன்றி சொல்வது அங்கே எழுதாத சட்டம். ஒதுங்குமிடத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கப் போவது மகா தவறு. 2015-இல் நார்த் கோஸ்ட் 500 என்ற பெயரில் இந்தச் சாலைகளை விளம்பரப்படுத்தியபின் கூட்டம் பெருகி, ஊர்மக்களின் கோபம் முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான். அதன் வழியில் வரும் பியலாக் நா பா கணவாய் 626 மீட்டர்தான், ஆனால் ஏறக்குறைய கடல்மட்டத்திலிருந்தே ஏறுகிறது. கேம்பர் வேனில் வேண்டாம்.

ருமேனியாவின் டிரான்ஸ்ஃபாகரசானில் கரடி வருமா?

வரும், சாலையோரத்திலேயே உட்கார்ந்திருக்கும். 1968-இல் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்ததைப் பார்த்துப் பயந்த அன்றைய ருமேனிய ஆட்சியாளர் சௌசெஸ்கு, தன் படை மலையைத் தாண்ட ஒரு வழி வேண்டும் என்று 1970-க்கும் 1974-க்கும் இடையே ராணுவத்தை வைத்து வெடிவைத்துப் போட்ட சாலை இது. உச்சியில் 2,000 மீட்டருக்கு மேல் பாலியா ஏரி. பயணிகள் கொடுத்த பிஸ்கெட்டுக்குப் பழகிய கரடிகள் இப்போது காரைக் கண்டால் வந்து நிற்கின்றன. 2025 ஜூலையில் பைக்கில் வந்த இத்தாலியர் ஒருவர் கரடி தாக்கி இறந்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருங்கள். தீனி போட்டால் அபராதமும் உண்டு.

மின்சாரக் காரில் மலையேறலாமா?

தாராளமாக. இறக்கத்தில் மோட்டாரே வேகத்தை அடக்கி பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பித் தரும், பிரேக்குக்கு ஓய்வு. ஒரு எச்சரிக்கை: உச்சியில் தங்கி நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால் திருப்பி வாங்க பேட்டரியில் இடம் இருக்காது, இந்த வசதி வேலை செய்யாது. எண்பதோடு நிறுத்துங்கள். குளிரில் ஓடும் தூரம் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பிள்ளைகளுக்கு வளைவில் வாந்தி வருகிறதே?

வயிறு காலியாகவும் வேண்டாம், நிரம்பியும் வேண்டாம். போனையும் புத்தகத்தையும் வாங்கி வைத்துவிட்டுத் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அவோமின் போன்ற மாத்திரைகள் கிளம்புவதற்கு முன் போட்டால்தான் பலன். குழந்தைக்கு அளவை மருத்துவரிடம் கேளுங்கள். தூக்கம் வரும் என்பதால் ஓட்டுகிறவர் அதைத் தொடவே கூடாது. பாதி வாந்தி ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது: வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்து, ஒரே சீராகத் திருப்பினால் பின்சீட்டு அமைதியாக இருக்கும்.

அமால்ஃபியில் கார் ஓட்டுவது எப்படி?

ஓட்டாதீர்கள். சுமார் 50 கி.மீ. நீளம் கொண்ட அந்தச் சாலை 19-ஆம் நூற்றாண்டு வண்டிகளுக்காகப் போட்டது. கோடைச் சீசனில் பகல் நேரத்தில், நம்பர் பிளேட்டின் கடைசி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து ஒருநாள் விட்டு ஒருநாள்தான் விடுகிறார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வந்ததே, அதே நெரிசல்தான் காரணம். பார்க்கிங் கட்டணம் கண்ணைக் கட்டும், அதுவும் இடம் கிடைத்தால். சலேர்னோவில் தங்கிப் படகில் போங்கள். கடலிலிருந்து பார்த்தால்தான் அந்த ஊர்கள் எப்படிப் பாறையில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்பதே தெரியும்.

வண்டி ஓட்டத் தெரியாது. இதெல்லாம் எங்களுக்கு இல்லையா?

உண்டு, சொல்லப்போனால் ஓட்டுகிறவரைவிட நீங்கள்தான் அதிகம் பார்ப்பீர்கள். சுவிட்சர்லாந்தில் கோடையில் ஃபுர்கா, கிரிம்செல், சுஸ்டன் கணவாய்களுக்குத் தபால் பேருந்துகள் ஓடுகின்றன. முன்பதிவு தேவைப்படும், பயணப் பாஸ் இருந்தால் செலவு குறையும். ஸ்டெல்வியோவுக்கும் கோடையில் பேருந்து உண்டு. கிரேட் ஓஷன் ரோடுக்கு மெல்பர்னிலிருந்து ரயிலில் ஜீலாங் வரை போய், அங்கிருந்து கடற்கரை வழியாகவே அப்போலோ பே போகும் அரசுப் பேருந்தைப் பிடிக்கலாம். அமால்ஃபியில் உள்ளூர்ப் பேருந்து மலிவு; ஆனால் நடுவழியில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. கிளம்பும் இடமான சொரெண்டோவிலேயே ஏறி, வலப்பக்க ஜன்னல் சீட்டைப் பிடித்துவிடுங்கள்.